விற்ற சாமான்

ஆண்டவர் சிந்திய இரத்தத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். வில்சன் விலை போட்டுவிட்டான்: மனைவி கஜனியின் முன்பல் இரண்டு. அவன் ஞானஸ்நானம் எடுத்த ஈரம் காயுமுன் ஒன்று போனது. போன ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த கையோடு மற்றது. இரண்டு தடவையும் புருஷன் வாயில் ஒரே பேச்சுதான்:

"என்ட பாவக் கடனெல்லாம் சிலுவையில கட்டியாச்சு. நேத்தையதும், நாளையதும்."

முன்பணம் கட்டியவன் கடையை அள்ளுவதுபோல பாவத்தை அள்ளினான். கஜனி தம்பிலுவிலில் உள்ள தாய்வீட்டுக்குப் போய், அங்கிருந்தே கல்முனையில் ஜவுபர் முதலாளியின் சாரன் துணிக்கடைக்கு பஸ்ஸில் வேலைக்கு வந்தாள்.

கடை நிறையச் சனம் நின்ற காலையில் வில்சன் வந்தான். கொண்டையைப் பிடித்து அவள் நெற்றியை மேசையில் மோதினான். வெள்ளைச் சாரனில் இரத்தம் சொட்டியது.

"ஊட்டுக்கு வாடி."

"வரமாட்டன். ரட்சிக்கப்பட்டவனுக்கு இந்தக் கை என்னத்துக்கு?"

அவன் சிரித்தபடி சுவர்ப் பலகையைக் காட்டினான். 'விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது.'

"வாசி. பிசாசு என்னை வித்திட்டான், ஆண்டவர் வாங்கிட்டார். நான் என்ன செஞ்சாலும் இனித் திருப்பி எடுக்கேலா. முதலாளி காக்காட கடையிலயே எழுதிக் கிடக்கு."

"தம்பி, திருப்பி எடுக்கேலா எண்டுதான் எழுதியிரிக்கன்," என்றார் ஜவுபர் எழுந்து. "வாங்கின சாரனச் சேத்துல போட்டுப் பெரட்டு எண்டு எழுதல்லியே. அவள விடு!"

வில்சன் விட்ட குத்தில் முதலாளி துணிக்கட்டோடு சரிந்தார். சனம் வாசலுக்கு ஓடியது. வில்சன் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவள் உதட்டில் வைத்தான்.

"மூணாவது பல்லையும் எடுக்கட்டா?"

கஜனியின் கை, துணி அளக்கும் இரும்புக்கோலைத் தேடிப் பிடித்தது.

"நானும் ஞானஸ்நானம் எடுத்தவள்தானே?"

"ஓம், அதுக்கென்ன?"

"அப்ப என்ட பாவமும் கட்டியாச்சு."

அவன் மணிக்கட்டில் இறங்கிய அடியில் எலும்பு பச்சை விறகுபோல முறிந்தது. கத்தரிக்கோல் தெறித்தது. அவன் முழங்காலில் விழுந்து மற்றக் கையைத் தூக்கினான்.

"பாவம் கஜனி! பாவம்!"

இரக்கம் கேட்டானா, வேதம் சொன்னானா, தெரியவில்லை. அவள் மறுபடி ஓங்கினாள். தோளெலும்பு நொறுங்கியது. அவளுக்கு இனித்தது.

அந்த இனிப்புத்தான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. முன்கூட்டியே கட்டித் தீர்ந்ததென்றால் இது ஏன் இறங்க மாட்டேன் என்கிறது? கோல் அவள் கையிலிருந்து நழுவியது.

ஜவுபர் வாயைத் துடைத்தபடி எழுந்தார். "புள்ள, பொலிசுக்கு என்னத்தச் சொல்ற?"

"முதல் அடிக்கு நீங்க சாட்சி சொல்லுங்க, முதலாளி. மறுகா அடிச்சத நானே சொல்றன். அவன் விழுந்த பிறகு அடிச்சன்."

இரண்டு பல்லுக்கு இரண்டு எலும்பு. வில்சனோடு கணக்கு நேர். ஆண்டவரிடம் அந்த இரண்டாம் அடி பாக்கி.