பட்டை மெத்தை

வெட்டிய பைன் காட்டில் மூக்கு வண்டு எண்ணுவது என் வேலை. சிரிக்காதீர்கள், சம்பளம் தருகிறார்கள். அடிக்கட்டையில் வடியும் பிசின் வாசனைக்கு அந்தச் சனியன்கள் படையெடுத்து வரும். கட்டையில் முட்டை வைத்துவிட்டு, புதிதாக நட்ட கன்றுகளின் பட்டையைச் சுற்றிலும் கடித்துத் தின்றுவிடும். பச்சைப் பட்டைத் துண்டுகளைக் கவிழ்த்து வைத்தால், அடியில் வந்து கூடும். அப்படித்தான் எண்ணுவோம்.

என் வீட்டுக்காரர் அதே காட்டில் மரம் வெட்டுகிறவர். நான் வண்டுக் கதையை ஆரம்பித்தாலே கொட்டாவி விடுவார்.

எங்கள் மகள் இதய ஆபரேஷனுக்குப் போகும் முன் அங்கே ஒரு கன்றை நட்டு, "நான் வர்ற வரைக்கும் பார்த்துக்கப்பா" என்று அவரிடம் ஒப்படைத்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் அவள் கேட்டது கன்றைத்தான். ஜோராக இருக்கிறது என்று அவர் போனில் பெருமையடித்தார்.

ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்த நான், மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது கன்றை ஒரு எட்டு பார்க்கப் போனேன். மண் காயக் கூடாதென்று கன்றைச் சுற்றிலும் பச்சைப் பட்டையை மெத்தை மாதிரி பரப்பியிருந்தார் மனுஷன். புரட்டினால் அத்தனையும் வண்டு. கன்றின் அடியில் நகம் அகலத்துக்கு மட்டும் பட்டை மிச்சம்.

"பந்தி போட்டுக் கூப்பிட்டிருக்கீங்களே" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. வேறு கன்றை நட்டுவிடலாமா, அவளுக்குத் தெரியவா போகிறது என்று முனகினார். அவளை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் வரவில்லை போல. மறுநாள் பார்த்தால், பட்டையையெல்லாம் தூரத்தில் கொண்டுபோய்க் குவித்து, ஒவ்வொன்றாகப் புரட்டி வண்டைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய பிறகும் தினமும் விடியற்காலையில் இதே வேலை. இப்போது போனில் அவர் வண்டுக் கதை சொன்னார், நான் கொட்டாவி விட்டேன்.

மகள் வீடு திரும்பியதும் நேராகக் காட்டுக்குத்தான் போகணும் என்றாள். கன்றின் முன் மெல்லக் குந்தி, கடிபட்ட இடத்தைத் தடவினாள். உச்சியில் இளம் பச்சையாக ஒரு துளிர் இருந்தது.

"இதுக்கும் ஆபரேஷனாம்மா?"

நான் வாயைத் திறக்கும் முன் அவர் முந்திக்கொண்டார். "அப்பாதான்டா தப்பா பார்த்துக்கிட்டேன்."

அவள் அவர் விரலைப் பிடித்துத் தன் நெஞ்சுத் தையலின் மேல் வைத்தாள். "அதுக்கென்னப்பா, ரெண்டு பேரும் பொழச்சிட்டோம்ல."

ஆபரேஷன் அன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன், அடிக்கட்டை மேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.