கேட்காமல் போன வார்த்தை

மனைவி காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பினாள்.

"இன்னைக்கு மட்டும் அதுல கை வைக்காதீங்க. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். நான் சமாளிச்சுக்கறேன்."

"நான் எங்க தொடப்போறேன்?" என்றான் அவன். சொன்னபோது அது உண்மைதான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

'அது' என்பது முன்னறையில் அவள் வேலைக்கென்று இருக்கும் கணினி. வாங்கியது அவள், ஆட்சி அவனுடையது. அதில் ஓடுவது ஊரே வைத்திருக்கும் இயங்குதளம் இல்லை, லினக்ஸ். லினக்ஸிலும் பல வகை உண்டு. இது பழைய வகைகளில் ஒன்று, பரம்பரைப் பெருமை பேசுவது. கல்லூரிக் கணினிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் பிடித்தது, இன்றுவரை விடவில்லை. இடையில் வீடு மாறினான், தலைமுடி போனது, மகள் வளர்ந்து விடுதிக்குப் போனாள். போன முதல் வாரமே தன் கணினியில் அப்பா போட்டுக் கொடுத்ததை அழித்துவிட்டு, ஊரே வைத்திருப்பதைத் தானும் போட்டுக்கொண்டாள். ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை அவன். மகள் ஓடிப்போய்க் கல்யாணம் செய்திருந்தால்கூட இவ்வளவு மனம் நொந்திருக்க மாட்டான்.

அந்த வகையின் சிறப்பே அவசரப்படாதிருப்பதுதான். எதையும் ஆற அமரச் சோதித்த பிறகே உள்ளே விடும். உலகத்தில் எல்லோருக்கும் பழசாகிப்போனது அங்கே புதுசாக வந்து சேரும். "இன்னுமாடா இதை வெச்சுக்கிட்டு மாரடிக்கிற?" என்று எவனாவது கேட்டால் சண்டைக்குப் போய்விடுவான். ஆனால் தனியாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவன் திட்டுகிற திட்டைக் கேட்டால் காது கூசும். பிரிண்டரை ஒவ்வொரு முறையும் புது மாப்பிள்ளையைப்போல அதற்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அணைத்துப் போட்டால் வைஃபை கோபித்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, இந்த ஒலி. வீடியோவில் பேசும்போது திடீரென்று விக்கும். எதிரே இருப்பவர் பேசுவதில் நாலு சொல்லுக்கு ஒரு சொல்லை முழுங்கிவிடும். அதைப் பற்றி முறைப்படி புகார் எழுதிப் போட்டான். பதிலும் வந்தது: புதிய பதிப்பில் சரிசெய்தாயிற்று, அடுத்த வெளியீட்டில் வரும், அதுவரை பொறுத்திருக்கவும். அடுத்த வெளியீடு எப்போது என்று கேட்டான். தயாரானதும் என்றார்கள்.

பொறுத்திருந்தான். ஆனால் போன வாரம் நடந்ததற்குப் பிறகு அவனால் முடியவில்லை.

மனைவி பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதத்தில் பேச்சு இழந்தவர்களுக்கு அதை மறுபடி கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அவர்களில் ஒருவர், இவள் 'டீச்சர்' என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. எங்கோ தொலைவில், மகன் வீட்டில் இருக்கிறார். வாராவாரம் வீடியோவில் பயிற்சி. மாதக்கணக்காக 'ஆ'வையும் 'ம்'மையும் தாண்டவில்லை. போன வாரம் கல்லூரி விடுமுறை தொடங்கியிருந்ததால் அவனும் வீட்டில் இருந்தான். திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தான். டீச்சரின் உதடுகள் கூடின, பிரிந்தன, மறுபடி கூடின. கண் விரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கணினி விக்கியது.

"என்ன டீச்சர் சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க, கேக்கல!"

டீச்சர் முயன்றார். வரவில்லை. முயன்று முயன்று அழுதுவிட்டார். மகன் அப்போது சமையலறையில் இருந்தான், அவனுக்கும் தெரியாது. அது என்ன வார்த்தை என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவரால் சொல்ல முடியாது.

இன்றைக்கு மருத்துவமனை டாக்டரும் வீடியோவில் சேர்ந்து பார்க்கப்போகிறார். ஒரு வார்த்தையாவது வந்தால் பயிற்சி தொடரும். வராவிட்டால் டீச்சரின் இடம், காத்திருக்கும் வேறு யாருக்காவது போய்விடும்.

"சரிபண்ணிட்டா எல்லாம் முடிஞ்சுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவன் செய்ய நினைத்தது சின்னக் காரியம்தான். இன்னும் வெளிவராத அடுத்த பதிப்பிலிருந்து ஒலிக்கான நிரலை மட்டும் முன்கூட்டியே எடுத்துப் போட்டுவிடுவது. இப்படிப் பதிப்புகளைக் கலக்கவே கூடாது என்பது இந்த வகைக்காரர்களின் பாலபாடம். மாணவர்கள் பார்ப்பதற்காகக் கணினிக்கூடச் சுவரில் அவனே கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். புது வீட்டுக் கதவைக் கழற்றிப் பழைய வீட்டில் மாட்டினால், கதவுக்காக நிலையை மாற்ற வேண்டிவரும், நிலைக்காகச் சுவரை இடிக்க வேண்டிவரும். ஆனால் அதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு. இத்தனை வருஷம் பழகியவனுக்கு எதை எங்கே நிறுத்துவது என்று தெரியாதா?

கட்டளை கொடுத்தான். இன்னின்னதை நீக்க வேண்டியிருக்கும் என்று திரை பெயர்களை வாசிக்கத் தொடங்கியது. அவை திரைக்கு மேலே ஏறி மறைந்துகொண்டே இருந்தன. கடைசியில் எச்சரிக்கை வந்தது: இது ஆபத்தானது, என்ன செய்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் தொடரவும். வழக்கம்போல ஓர் எழுத்தைத் தட்டினால் போதாது. 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருளில் முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்ய வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கை நின்றிருக்கும். அவனுக்கு அந்த வாக்கியம் விரலிலேயே இருந்தது. மேலே ஏறிப்போன பெயர்களைத் திரும்பப் பார்க்காமல் அடித்து முடித்தான்.

சொன்னதைச் செய்தது. சின்னங்கள் போயின, பின்னணியில் இருந்த மகளின் படம் போனது, கருப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. போனவற்றைத் திரும்பப் போட இணையம் வேண்டும். இணையத்தைக் கவனித்துக்கொள்ளும் நிரலும் போனவற்றோடு போயிருந்தது. தெரிந்த வித்தையை எல்லாம் காட்டிப் பார்த்தான். வியர்வை மூக்கு நுனியில் நின்றது.

அவள் பையோடு உள்ளே வந்தபோது எழுந்து நின்றான். வீட்டில் எதையாவது உடைத்துவிட்ட பிள்ளைகள் அப்படித்தான் நிற்கும்.

"தொட்டீங்களா?"

"சத்தத்தை மட்டும் சரிபண்ணலாம்னு..."

அவள் திரையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போன்ல பேசிடேன்" என்றான், குரல் எழும்பாமல்.

"டீச்சருக்குப் படம் காட்டணும், வாய் அசைவு காட்டணும். அந்தச் சின்னத் திரையில என்னத்தைக் காட்டறது?"

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. போர்வைகளுக்கு அடியிலிருந்து மெல்லிய லேப்டாப் ஒன்றை எடுத்து வந்து மேஜைமேல் வைத்துத் திறந்தாள். கடையில் வாங்கியபடியே இருந்தது, ஊரே வைத்திருக்கும் அதே வகை. கடவுச்சொல்லை அவள் விரல்கள் பார்க்காமலே அடித்தன.

"இது எப்ப வாங்கினே?"

"போன வருஷம்."

"எதுக்கு என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, இதையும் சரிபண்றேன்னு உக்காந்துடுவீங்க." ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "நீங்க வேலைக்குப் போற நாள்ல எல்லாம் இதுலதான் பேசறேன். ஒரு நாளும் விக்கினதில்ல."

"அப்ப போன வாரம்?"

அவள் ஹெட்போன் ஒயரைச் சரிசெய்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "போன வாரம் நீங்க வீட்ல இருந்தீங்க. இதைப் பாத்தா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு அந்தப் பழசுலயே பேசினேன்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் வெளியே சுவரில் சாய்ந்து நின்றான். அவமானமாக இருந்தது. ஏமாந்ததில் அவமானமில்லை. தன் மனசு நோகக் கூடாதென்று சொந்த வீட்டிலேயே லேப்டாப்பைப் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், அப்படி ஒளிக்க வேண்டிய ஆளாகத் தான் இருந்திருக்கிறான் என்பதில் அவமானம். அந்தக் கிழவி கஷ்டப்பட்டுத் திரட்டிய ஒரு வார்த்தை, அவனுடைய பிடிவாதத்துக்குப் பலியாகியிருக்கிறது.

உள்ளே மனைவியின் குரல் கேட்டது. "மெதுவா டீச்சர். அவசரமே இல்ல. போன வாரம் சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்க." பிறகு மௌனம். மறுபடி அதே வாக்கியம். மறுபடி மௌனம். டாக்டரிடம் அவள் ஏதோ மன்றாடுவது கேட்டது. "நான் பாத்தேன் டாக்டர், என் கண்ணால பாத்தேன். உதடு சேந்துச்சு."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"எல்லாம் சுத்தமா கேட்டுச்சு" என்றாள். "டீச்சர் மூச்சு விடறதுகூட கேட்டுச்சு. வார்த்தை மட்டும் வரல."

"நிறுத்திட்டாங்களா?"

"அடுத்த வாரம் கடைசியா ஒரு தடவை பாக்கறேன்னு சொல்லியிருக்கார். நான் கெஞ்சினதுக்காக."

அடுத்த வாரமும் அவனுக்கு விடுமுறைதான். அவளுக்கும் அது தெரியும்.

"நான் வீட்ல இருந்தாலும் அந்த லேப்டாப்லயே பேசு" என்றான். "நான் வேணும்னா வெளிய எங்கயாவது போயிட்டு வரேன்."

"நீங்க எங்கயும் போக வேணாம்" என்றாள் அவள். "எதையும் தொடாம இருந்தா போதும்."

பழைய கணினியின் திரையில் அந்த வெள்ளைக் கோடு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு, லேப்டாப்பை மேஜையின் நடுவில் வைத்தாள். அலமாரிக்குத் திரும்ப எடுத்துப் போகவில்லை. அவன் குனிந்து அதன் சார்ஜரைச் சுவரில் செருகிக் கொடுத்தான்.