அன்டன் அடித்த மணி

அம்மா செத்து நாலு வருஷம் கழித்துத்தான் என்னால் முடியாது என்று நான் வாயைத் திறந்து சொன்னேன். அதுவரை என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே எங்கள் அண்ணன் சுகந்தன், "றொசானா இருக்காளே, அவ பாத்துக்குவா" என்று கோவில் உபதேசியாரிடம் சொல்லிவிட்டுக் கொழும்பு பஸ் ஏறிவிட்டான். பாத்துக்குவாளாம்! ஆட்டுக்குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறவன்கூட அது என்ன தின்னும் என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

நான் பார்த்துக்கொள்ள வேண்டியது எங்கள் தம்பி அன்டனை. வயது முப்பது. அறிவு மட்டும் சின்னப் பிள்ளையோடு நின்றுவிட்டது. இடது கால் இழுக்கும், வலிப்பு வரும். கக்கூசுக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தெரியும், ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வான். ஆளோ அப்பாவைப் போல வாட்டசாட்டம். அவனைக் கைத்தாங்கலாகப் பீலிக்குக் கூட்டிப் போய், மலையிலிருந்து தகரக் குழாய் வழியே விழும் தண்ணீருக்குக் கீழே கல்லில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். அங்கே துணி துவைக்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

ஹட்டனில் ஒரு பார்மசியில் எனக்கு வேலை இருந்தது. வெள்ளைச் சட்டை, மின்விசிறி, உட்கார நாற்காலி. அன்டனைக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தனியாக விட முடியாது என்று அதை விட்டுவிட்டு, அம்மா பறித்த மலையிலேயே தேயிலைக் கொழுந்து பறிக்க இறங்கினேன். மலை என்றால் மத்தியானம் ஒரு ஓட்டம் ஓடி வந்து அவனுக்குச் சோறு போட்டுவிட்டுப் போகலாம்.

நான் மலையில் இருக்கும் நேரமெல்லாம் அவன், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே, அந்தோனியார் கோவிலில் இருப்பான். கோவில் மணி அடிப்பது அவன் வேலை. செபமாலை உபதேசியார் பொறுமையாகப் பழக்கியிருந்தார். அவர் கையைக் காட்டினால் மூவேளைச் செபத்துக்கு மும்மூன்றாக அடிப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கை ஓயும்வரை அடிப்பான். யாராவது செத்தால் மட்டும் துக்கமணி: ஒன்று அடித்து, மூச்சை இழுத்து விட்டு, பிறகு இன்னொன்று. சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவன், மணியில் ஒரு நாளும் பிழை விட்டதில்லை.

துக்கமணி கேட்டால் எங்கள் தோட்டத்தில் வேலை நின்றுவிடும். சாமி கும்பிடுகிறவர்களோ எங்களைப் போல வேதக்காரர்களோ, கொழுந்துப் பையை இறக்கிவிட்டு எல்லோரும் லயத்துக்கு வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அன்றைக்கு மலை ஏறக்கூடாது. சம்பளம் போனாலும் போகட்டும் என்று இருப்பார்கள்.

நோட்டன் பிரிட்ஜில் த்ரீவீல் ஓட்டும் லியனார்ட் எனக்காக மூன்று வருஷமாகக் காத்திருந்தான். எனக்கு முப்பத்து நான்கு. அவனுடைய அம்மா நல்ல மனுஷிதான், முகத்துக்கு நேரே சொன்னார். "நீ வாம்மா, சந்தோஷமா வா. ஆனா வீட்டுல வயசுக்கு வந்த பேத்திங்க இருக்காங்க. உன் தம்பிய எங்க வச்சுக்கிறது?" என்னால் கோபப்பட முடியவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து அண்ணனுக்குத்தான் போன் எடுத்தேன்.

"அண்ணே, ஒரு வருஷம் நீ வச்சுக்க. ஒரே ஒரு வருஷம்."

"எங்க வீட்டப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. ஒன் அண்ணிக்கு முடியாது றொசா."

"எனக்கு மட்டும் முடியுதா?"

"நீ பழகிட்ட."

அந்த ஒரு சொல்லை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. என் கைதான் பழகியிருந்தது. மனசு ஒவ்வொரு நாளும் புதிதாக எரிந்தது. நான் போனில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா அரிசி புடைத்த சுளகோடு ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு அண்ணன் அசைந்தான். கண்டிக்கு அந்தப் பக்கம் சிஸ்டர்மார் நடத்தும் ஒரு இல்லத்தில் பேசி, அன்டனுக்கு ஒரு கட்டில் கேட்டு வாங்கினான். ஓடி ஒளிவதில் மட்டும்தான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன், வழி கண்டுபிடிப்பதிலும் கெட்டிக்காரன்தான். சரி என்று நான் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன். அன்று இரவு கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கலாம் என்றுகூட யோசித்தேன்.

போகிற நாள் காலையில் சுடுதண்ணீர் வைத்து, அதைப் பீலிக்குத் தூக்கிப் போய் அவனைக் குளிப்பாட்டினேன். தலைக்கு எண்ணெய் வைத்து வாரினேன். அண்ணன் வாங்கி வந்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டேன். வேன் வாசலில் நின்றது. வழியனுப்ப ஆட்கள் வருவார்கள் என்று பேச்சியம்மா அக்கா கோவிலிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளை எடுப்பித்துப் போட்டார். வேலைக்குப் போகாத வயசாளிகள் வந்து உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஒரு நாளும் அவனுக்கு ஒரு வாய் சோறு ஊட்டாதவர்கள்தான் கூடுதலாக அழுதார்கள்.

அன்டன் கதிரைகளைப் பார்த்தான். வேனைப் பார்த்தான். தன் புதுச் சட்டையைத் தடவிப் பார்த்தான். "யாரு?" என்று என்னிடம் கேட்டான். நான் வலிப்பு மாத்திரைகளைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். "சும்மா இரு அன்டன்" என்றேன். மறுபடியும், "யாரு அக்கா?" என்றான். நான் பையை இழுத்து மூடினேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவனைக் காணவில்லை.

பிறகு மணி அடித்தது. ஒன்று. நான் மூச்சை இழுத்து விட்டேன். இன்னொன்று.

மேல் மலையில் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கும் கொழுந்துப் பையுமாக வரிசை வரிசையாக இறங்கி வந்தார்கள். மலையில் வேலை வாங்கும் கங்காணி நிரஞ்சன் முன்னால் ஓடி வந்தார். வாசலில் கதிரைகளையும் வேனையும் அழுகிற கிழவிகளையும் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"யாருங்க தவறினது?"

"யாரும் சாகலய்யா" என்றார் பேச்சியம்மா அக்கா. "இந்தப் பய போய் அடிச்சிருக்கான்."

அன்டன் காலை இழுத்துக்கொண்டு கோவில் படிகளில் இறங்கி வந்துகொண்டிருந்தான். கங்காணி அவனைப் பிடித்து நிறுத்தினார். "ஏண்டா, யாரு செத்தான்னு மணி அடிச்ச?"

"அக்கா" என்றான்.

"எந்த அக்காடா?"

அவன் என்னைக் காட்டினான். "றொசா அக்கா செத்துப்போச்சு. அம்மா மாதிரி."

பின்னால் நின்ற யாரோ ஒரு பெண் சிரித்தாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கண்ணு தெரியலையா ஒனக்கு? இந்தா குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே! நான் செத்தா ஒனக்கு யாருடா கழுவிவிட்டது இவ்வளவு நாளும்?" என்று கத்தினேன். அவன் பயப்படவில்லை. அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றதைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான். புதுச் சட்டையும் வேனும் அழுகையும் சேர்ந்து வந்தால் யாரோ ஒருவரை இனிமேல் பார்க்க முடியாது. அவனுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். யாரைப் பார்க்க முடியாமல் போகப்போகிறது என்பதையும் அவனே சரியாகக் கண்டுபிடித்திருந்தான்.

அண்ணன் என் பக்கத்தில் வந்து, "இப்ப என்ன செய்யிறது றொசா?" என்றான். எப்போதும் போல முடிவை என் தலையில்தான் வைத்தான்.

போக வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல் வாய்வரைக்கும் வந்தது. அதன் பின்னாலேயே நாளைக் காலைப் பீலியும், ஈரப் படுக்கையும், மத்தியான ஓட்டமும், லியனார்ட் வேறொருத்திக்கு மாலை போடுவதும் வரிசையாக வந்தன. சொல்லை விழுங்கிவிட்டேன்.

"ஏத்துண்ணே" என்றேன்.

அண்ணன் அவன் தோளைப் பிடித்து வேனுக்குத் திருப்பினான். அன்டன் கையை உதறிவிட்டு என்னிடம் வந்தான். அவனுக்கு யாரையும் முத்தமிடப் பிடிக்காது. அம்மாவின் பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவன் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்து, "நெத்தியில முத்தம் குடு. குடுத்துட்டு அடுத்த ஆளுக்கு வழி விட்டு நில்லு" என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். அவன் இரண்டு உள்ளங்கைகளாலும் என் முகத்தைப் பிடித்து என் நெற்றியில் முத்தமிட்டான். பிறகு ஒழுங்காகத் தள்ளி நின்று வழி விட்டான்.

"அண்ணே, நீ" என்றான்.

அண்ணன் வரவில்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். அவன் தோள்கள் குலுங்கின.

அன்டன் அழாமல் வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தான். வேன் லயத்தைச் சுற்றிக் கீழ் வளைவில் திரும்பும்வரை நான் அவன் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எண்ணெய் வைத்துச் சீவிய அந்தத் தலை திரும்பவே இல்லை. அடக்கம் செய்துவிட்டு வரும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்றும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கங்காணி தொப்பியைப் போட்டுக்கொண்டு, "சரி, ஏறுங்க மலைக்கு" என்றார். ஒருவரும் அசையவில்லை. "மணி அடிச்சிருச்சுங்க" என்றாள் யாரோ. கொழுந்துப் பைகளைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கதிரைகளிலும் வாசற்படியிலும் உட்கார்ந்தார்கள். நான் தேத்தண்ணி வைக்க அடுப்புப் பக்கம் போனேன். பேச்சியம்மா அக்கா என் கையிலிருந்து நெருப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"இன்னக்கி நீ அடுப்பு மூட்டாத. சோறு எங்க வீட்டுலேருந்து வரும்."

"இது ஒண்ணும் சாவு வீடில்ல!" என்று அவர்மேல் விழுந்தேன். "உசிரோடதான் இருக்கான்! மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை போய்ப் பாக்கலாம்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க!"

"தெரியும்டி" என்றார். "போ. போய்க் குளிச்சிட்டு வா."

துண்டை எடுத்துக்கொண்டு போனேன். காலையில் நான் விட்டு வந்த சோப்பு, பீலிக்கடியில் அவன் உட்காரும் கல்லில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் அவன் முடி ஒன்று சுருண்டு கிடந்தது. இனி இங்கே என்னைத் தவிர யாரையும் நான் கழுவ வேண்டியதில்லை. இதற்காகத்தானே இத்தனை கத்து கத்தினேன். அந்தக் கல்லில் உட்கார்ந்து, ஐஸ் போல விழுந்த தண்ணீருக்குத் தலையைக் கொடுத்தேன். என் தம்பியின் பேரைச் சொல்லிச் சொல்லி, அம்மாவுக்கு அழாத அழுகையை அழுதேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடங்களை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.