இரண்டாம் பக்கத்து மணிகள்

வெற்றிச்செல்வன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு மனிதனைத்தான் திருடன் என்று சொன்னான். அதுவும் நாற்பத்தாறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில், ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல், நிதானமாக உட்கார்ந்து தட்டச்சு செய்து சொன்னான். கோபத்தில் வாய் தவறி விழுந்த வார்த்தை என்றால் காலில் விழுந்தாவது சமாளிக்கலாம். யோசித்து எழுதியதற்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது?

அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் பழைய இசைத்தட்டு சேர்க்கிறவர்கள். முக்கால்வாசிப் பேர் சினிமாப் பாட்டு. வெற்றியும் ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்த பால்ராஜும் மட்டும் வேறு சாதி. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்கள் சாக்ஸபோனையும் டிரம்ஸையும் கைமணிகளையும் வைத்துக்கொண்டு கடவுளிடம் அழுது, சண்டை போட்டு, சமாதானமான இசை ஒன்று இருக்கிறது. ஸ்பிரிச்சுவல் ஜாஸ் என்பார்கள். கள்ளிக்குப்பத்து அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வெற்றிக்கும் நெமிலிச்சேரி பால்ராஜுக்கும் அதில் என்ன வேலை என்று கேட்டால் பதில் கிடையாது. பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

அதிலும் பின்னாளில் வந்த மறுபதிப்பு இவர்களுக்கு ஆகாது. முதன்முதலில் அடித்த தட்டுதான் வேண்டும். "ரெண்டுலயும் ஒரே பாட்டுத்தானே?" என்று கல்யாணமான புதிதில் மனைவி ரேவதி கேட்டாள். வெற்றி அதற்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னான். அன்றிலிருந்து அவள் எதுவும் கேட்பதில்லை.

ஆனால் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. முதல் அச்சில் மேல் சத்தங்கள் உயிரோடு இருக்கும். டிரம்ஸோடு வரும் சிம்பல் தாளத்தின் சிலிர்ப்பு, சலங்கை, மூச்சுக்காற்று எல்லாம் தெரியும். மறுபதிப்பில் அதெல்லாம் போர்வை போர்த்தியதுபோல் மங்கிவிடும். முதல் அச்சுதானா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. தட்டின் நடுவே, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் வெற்று வளையத்தில், தயாரித்தவன் கையாலேயே ஒரு எண்ணைக் கீறியிருப்பான். அந்த எண் சரியாக இருந்தால் தட்டு அசல்.

வெற்றி ஒன்பது வருஷமாக ஒரு தட்டைத் தேடிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பதிவு செய்து, ஐந்நூறே பிரதி அடித்தது. இரண்டாம் பக்கத்தில் நாலாவது நிமிடம் சாக்ஸபோன் தழைந்து அடங்கும். அந்த அமைதியில் சின்னதாக ஒரு மணி ஒலிக்கும். பிறகு இன்னொன்று. பிறகு கூட்டமாக, யாரோ வாசலில் கொட்டிவிட்டுப் போனதுபோல மணிகள். யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த சுமாரான பதிவில்தான் அதை முதலில் கேட்டான். கேட்டுவிட்டு அலுவலகத்துக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

அந்தத் தட்டு பால்ராஜ் கையில் சிக்கியது. நசரத்பேட்டையில், கப்பலில் வேலை பார்த்து இறந்துபோன ஒருவரின் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது. அவர் அதை அப்படியே வெற்றியிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"நீதான் ஒம்போது வருசமா தேடிகினு கீற. நீயே வெச்சிக்க நைனா."

"அண்ணே, உங்களுக்கும்தானே இது உசிரு?"

"எனுக்கு கேக்கணும்னா உன் ஊட்டுக்கு வந்துட்டுப் போறேன். தொறக்க மாட்டியா?"

சும்மா வாங்கிக்கொள்ள மனமில்லாமல் வெற்றி தன்னுடைய மூன்று தட்டுகளை அவர் பையில் திணித்து அனுப்பினான். அன்று சாயங்காலம் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, சாமி கும்பிடப் போகிறவன்போல உட்கார்ந்து ஊசியை வைத்தான்.

இரண்டாம் பக்கம். நாலாவது நிமிடம். சாக்ஸபோன் அடங்கியது. மணி வரவில்லை.

மறுபடி போட்டான். ஊசியைத் துடைத்துப் போட்டான். தட்டைக் கழுவி, காயவைத்துப் போட்டான். சிம்பலும் இல்லை, மணியும் இல்லை. மூக்கடைத்த மனிதன் பேசுவதுபோல இருந்தது மொத்தமும். மறுபதிப்பு என்று அவன் காது சத்தியம் செய்தது. வளையத்தில் பார்த்தால் எண் சரியாக இருந்தது.

சந்தேகம் வந்துவிட்டால் மனிதனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு மூளை வருமோ. பால்ராஜ் ஃபேக்டரியில் பார்த்தது இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அளவுக் கருவிகளில் நம்பர் கீறுகிற கை அவருடையது. எழுத்துக் கீறுகிற ஊசி வீட்டிலேயே வைத்திருப்பார். மறுபதிப்புத் தட்டில் எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது எண் கீற அவரால் முடியாதா? அசலை அவரே வைத்துக்கொண்டு, அசலின் உறைக்குள் போலியைப் போட்டுக் கொடுத்திருந்தால்? நம்மவன் ஒரு ராத்திரிகூடத் தாமதிக்காமல் வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான்.

போனில் சொன்னபோது பால்ராஜ் பதறிப்போனார். "இன்னா வெற்றி சொல்ற? மணி இல்லியா? நல்லா கேட்டியா?" மறுநாளே வந்து, நானே போட்டுப் பார்க்கிறேன் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். சம்பந்தமில்லாமல் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, "சரி வுடு. எனுக்கே ஒரு மாதிரி தப்பாத்தான் பட்டுது. தட்டு என்கிட்டயே கெடக்கட்டும். உன்னுது மூணையும் கொண்டாந்து குட்துட்றேன்" என்றார்.

அந்தத் தடுமாற்றம் போதாதா? குற்றம் ஒப்புக்கொண்டாகிவிட்டது என்று வெற்றி குழுவில் எழுதினான். தட்டின் விவரம், எண், எண் கீறத் தெரிந்த கை, எல்லாம் எழுதி, கடைசி வரியில் அந்த வார்த்தையையும் போட்டான். பால்ராஜ் குழுவிலிருந்து வெளியேறினார்.

ஒன்றரை வருஷம் ஓடியது. வெற்றிக்கு வேறு தட்டுகளும் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஏதோ மங்கல். இப்போதெல்லாம் எவனும் அசல் விற்பதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். மைக்ரோவேவ் கீ கீ என்று கூப்பிட்டும் எழுந்திருக்காத மனுஷனைப் பார்த்து ரேவதிதான் ஒருநாள், "காதைக் காட்டிட்டு வாங்க" என்று அம்பத்தூரில் ஒரு கிளினிக்குக்கு விரட்டினாள்.

அங்கே நிஷா என்ற பெண் அவனைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் நிறைய அழுத்தினான். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மெஷின் கோளாறுபோல என்று காத்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிக்கொண்டு, அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"

"முடிஞ்சிடுச்சு சார்."

அவள் காட்டிய தாளில் கோடு நேராக வந்து, பாதியில் கிணற்றுக்குள் விழுந்தது. "இந்தப் பக்கம் எல்லாம் ஹை பிட்ச் சவுண்ட் சார். பறவை, கொலுசு, மணி, இந்த மாதிரி. அது உங்களுக்குச் சுத்தமா இல்ல. நாலஞ்சு வருஷமாவே குறைஞ்சிருக்கும்."

"காதுல மெஷின் வெச்சா?"

"பேச்சு நல்லா புரியும். மியூசிக் பழைய மாதிரி இருக்காது சார். மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமா குறையலாம்."

காது போனதற்காக அழ வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. தட்டில் மணி இருந்தது. பால்ராஜ் கொடுத்தது அசல். அது ஒன்றுதான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். இவன் மூட்டையையே அவிழ்த்துக் கொட்டியிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலேறி நெமிலிச்சேரியில் இறங்கினான். கதவைத் திறந்தது பால்ராஜின் மனைவி ஆக்னஸ். இவனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஆனாலும் வாங்க என்றாள், தண்ணீர் கொடுத்தாள், சிரிக்கவில்லை. கூடத்தில் தட்டுகள் நின்ற அலமாரியில் இப்போது மடித்த துணிகள் இருந்தன. டர்ன்டேபிள் இருந்த மேசையில் தையல் மெஷின் இருந்தது.

பால்ராஜ் உள்ளேயிருந்து வந்து எதிரே உட்கார்ந்தார். வெற்றி பையிலிருந்து அந்தக் கிளினிக் தாளை எடுத்து நீட்டினான். அவர் அதை வாங்கவே இல்லை.

"தெரியும்" என்றார்.

"என்னண்ணே தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். எட்து வந்து போட்டேன். மணி அப்டியே கொட்டுது. அடுப்பாண்ட இருந்த ஆக்னஸ் கூட வந்து நின்னு கேட்டா. தட்டு மேல தப்பு இல்ல. நீயும் பொய் சொல்ற ஆளு இல்ல. அப்பால இன்னா மிச்சம்? காதுதான்."

"ஏண்ணே சொல்லல?"

"எப்டி சொல்றது? உனுக்கு அத்த வுட்டா வேற இன்னா கீது? தப்பு தட்டு மேலயே இருக்கட்டும், நீ வேற ஒண்ண போட்டுகினு கொஞ்ச நாளைக்கி சந்தோசமா இருப்பேன்னு நெனச்சேன்." அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நீ எய்துவேன்னு நெனைக்கல வெற்றி."

வெற்றி தலையைக் குனிந்துகொண்டான்.

"இருபத்தெட்டு வருசம் அளவு பாத்த கை இது. ஒரு நூல் தப்புனாலும் சரக்க திருப்பி அனுப்புவேன், எவனுக்கும் பயந்தது இல்ல. அந்தக் கையப் போயி..." ஆக்னஸ்தான் முடித்தாள். "அதுக்கப்புறம் இவரு ஒரு பாட்டும் கேக்கல தம்பி. ஊசிய வெச்சா நீங்க எய்துனதுதான் கேக்குதுன்னாரு. எல்லாத்தையும் குட்த்துட்டாரு."

வெற்றி போனை எடுத்தான். அங்கேயே உட்கார்ந்து, குழுவில், நடந்ததை எல்லாம் எழுதினான். பால்ராஜ் கொடுத்தது அசல் தட்டு, பழுது என் காதில், நான் சொன்னது அபாண்டம். அனுப்பிவிட்டு அவர் முன்னால் போனை வைத்தான். ஒவ்வொன்றாகக் கும்பிடுகிற கைகள் வந்தன. கட்டைவிரல்கள் வந்தன. இரண்டு நிமிடம் ஆவதற்குள் ஒருவர், 'அப்படியென்றால் அந்தத் தட்டு விற்பனைக்கு உண்டா?' என்று கேட்டிருந்தார். பால்ராஜ் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வெற்றியால் பார்க்க முடியவில்லை.

அவர் எழுந்துபோய்த் தட்டைக் கொண்டுவந்தார். "இது ஒண்ணுதான் நிக்கிது. எவனும் வாங்கல. டூப்ளிகேட்டுன்னு நீதான் சொல்லிட்டியே. எட்துகினு போ."

"எனக்கு வேணாம்ணே. நீங்க வாங்க. இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டுக்கு வாங்க. சாக்ஸ் எனக்கு இன்னும் கேக்குது. நீங்க பக்கத்துல உக்காந்து, மணி வர்ற இடத்தை மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ. இதுவும் போறதுக்குள்ள."

பால்ராஜ் தட்டை அவன் மடியில் வைத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

வரமாட்டேன் என்று சொல்லவில்லையே, அதைப் பிடித்துக்கொண்டு வெற்றி வீடு வந்தான். பால்ராஜுக்கு வாழைக்காய் பஜ்ஜி பிடிக்கும் என்று ரேவதியிடம் சொன்னான். ஐந்தரைக்கே இரண்டு நாற்காலிகளை ஸ்பீக்கருக்கு எதிரே போட்டான். ஆறு ஆனது. ஞாயிற்றுக்கிழமை, ரயில் தாமதமாகத்தான் வரும். ஆறே முக்கால் ஆனது. அவன் பால்கனிக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தான். ஏழு மணிக்கு, ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கட்டும், வந்தால் சேர்ந்துகொள்வார் என்று ஊசியை வைத்தான்.

முதல் பக்கம் முடிந்தது. யாரும் வரவில்லை. திருப்பிப் போட்டான்.

சாக்ஸபோன் ஏறி, மன்றாடி, தழைந்து அடங்கியது. அதன் பிறகு வெற்றிக்கு ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, பெல் அடிக்குது. கேக்கலையா?" ரேவதி மாவுக் கையோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

அவனுக்குக் கேட்கவில்லை. காலிங் பெல்லும் போய்விட்டதா என்று ஒரு கணம் திக்கென்றது. மறுகணம் அதுகூட மறந்துவிட்டது. வந்துவிட்டார். வந்தேவிட்டார்! நாற்காலியை இடறிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

எதிர்வீட்டுச் செருப்பு அலமாரிதான் இருந்தது. லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. "அண்ணே!" என்று மாடிப்படியில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான்.

பின்னால் ரேவதியின் குரல் கேட்டது. "இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்கே..." அவள் கூடத்தின் நடுவே நின்று நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு மெதுவாக ஸ்பீக்கரிடம் போய்க் குனிந்தாள். "இதுலருந்து வருதுங்க. அம்மாடி, எத்தன மணி!"

வெற்றி திறந்த கதவைப் பிடித்தபடி நின்றான். அவள் முகம் மலர்ந்திருந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் முதன்முறையாக அவள் அவனுடைய பாட்டு ஒன்றை நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே, "மணி நின்னதும் சொல்லு" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவனுக்கு என்ன இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. சிரிப்பை அணைத்துவிட்டு, பெரிய பொறுப்பை ஏற்றுக்கொண்டவள்போல, ஸ்பீக்கர் பக்கத்திலேயே அசையாமல் நின்றாள். அடுக்களையில் எண்ணெய் புகைந்தது. அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நின்னுருச்சுங்க" என்றாள்.

வெற்றி கதவைச் சாத்தினான்.