அழைப்பிதழில் பதினொரு பெயர்கள்

லியோன் சேரின் எழுத்து வடிவமைப்பு வகுப்பில் ஒரு வருடம் படித்து நான் என்ன கண்டேன் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். எழுத்துகளுக்கு நடுவே விடும் வெள்ளைக்கும் வேலை இருக்கிறது என்பதை அங்கேதான் கற்றேன். வாசிப்பவரைத் தேடவைக்கக் கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன். அந்தத் துணிச்சலில்தான் 1992இல், மார்க்குக்குக் கொடுக்கவேண்டிய இறுதி ஒப்படைக்கு என் சொந்தக் கலியாண அழைப்பிதழையே எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை யோகேந்திரன் வல்வெட்டித்துறையில் கணக்கு வாத்தியார். நான் வேலை பழகிய அச்சுக்கூடத்துக்குச் சோதனைத்தாள் அச்சடிக்க வந்து, தேவையில்லாமல் நாலு தரம் வந்தவர். சுன்னாகத்தில் என் ஐயா உடனே ஓம் என்றார். யோகேந்திரனின் அம்மா பராசக்தி மாமிதான் அரை மனதோடு சம்மதித்தவர். "மை பூசிக்கொண்டு நிக்கிற பெட்டையோ?" என்று கேட்டாராம்.

அழைப்பிதழில் போடச் சொல்லி மாமி பதினொரு பெயர்களை எழுதி அனுப்பியிருந்தார். பிள்ளைகள், மருமக்கள், ஒரு தங்கை. டொரொன்ரோ, சூரிச், பாரிஸ் என்று எல்லாரும் வெளிநாட்டில். எனக்குக் கிடைத்ததோ பள்ளிக்கூடக் கொப்பித் தாள். போர்த் தடையில் நல்ல மட்டை யாழ்ப்பாணத்துக்கு வந்தே வருடக்கணக்கு. முன்னூறு அழைப்பிதழ், ஒன்றுக்கு அரைத் தாள். பதினொரு பேரையும் சேர்த்து ஒரு தரம் அச்சுக் கோத்து அடித்துப் பார்த்தேன். தாள் மூச்சுத் திணறியது. வெளிநாட்டுப் பவிசுக்கு இவ்வளவு இடமா என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது அழகாக இருந்தது. லியோன் சேரும் தலையாட்டினார். ஒரு பிரதியை யோகேந்திரனிடம் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மாமியே மகனோடு அச்சுக்கூட வாசலில் நின்றார்.

"நீர்தானோ எழுத்து அடுக்கிற பிள்ளை?"

"ஓம் மாமி. இருங்கோ."

"இருக்க வரேல்லை. என்ரை பதினொரு சனத்தையும் எங்கை விழுத்தினனீர்?"

நான் பதறவில்லை. பெயர்கள் இருந்த பிரதியையும் இல்லாத பிரதியையும் மை காயப் போடும் கொடியில் பக்கத்துப் பக்கமாகக் கொழுவினேன். "உதிலை நிண்டபடியே முகூர்த்தம் எத்தனை மணியெண்டு வாசியுங்கோ, மாமி."

பெயர்கள் நெருக்கிய தாளை அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு." மற்றதைப் பார்த்த உடனேயே, "ஒன்பது பத்து," என்றார். யோகேந்திரன் சிரித்தார்.

"நீ பல்லைக் காட்டாதை," என்று மாமி அவரை அடக்கினார்.

"பாத்தியளே மாமி? வாற சனத்துக்கு..."

"வாற சனத்துக்குச் சரி. வராத சனத்துக்கு?" அவர் குரல் உயரவில்லை. "மூத்தவன் போய் எட்டு வருசம். சின்னவன் போய் ஆறு. ஒருத்தராலும் வரேலாது. என்ரை பக்கத்திலை நிக்க உந்தப் பேருகள் மட்டும்தான் இருந்தது. அதையும் வெட்டிப்போட்டீர். அப்ப நானும் இந்தக் கலியாணத்துக்கு வரேல்லை."

யோகேந்திரனின் சிரிப்பு நின்றது. "அம்மா..." என்று தொடங்கியவரை நான் கையால் மறித்தேன். இது என் வேலை.

பிழை எங்கே என்று எனக்குப் பட்டென்று தெரிந்தது. எழுத்தின் அளவில் இல்லை, இடைவெளியிலும் இல்லை. யார் வாசிக்கப் போகிறார்கள் என்பதில் பாதிப் பேரை மறந்திருந்தேன். இங்கிருப்பவர் நேரத்தைப் பார்ப்பார். சூரிச்சில் தபாலைப் பிரிப்பவன் தன் பெயரைத்தான் தேடுவான். அதைப் பவிசு என்று நினைத்தது நான்.

பின்பக்கம் அடித்தால் கொப்பித் தாளில் மை ஊறித் தெரியும். முழுத் தாளை மடித்தால்? முன்னூறு நூற்றைம்பது ஆகும். ஆகட்டும். ஊருக்குள் எப்படியும் வீடு வீடாகப் போய் வாயால் சொல்வதுதானே வழக்கம்.

"மாமி, தாளை மடிப்பம். உள்பக்கம் முழுக்க உங்கடை சனத்துக்கு. ஒரு வரிக்கு ஒரு பேர். வேறை ஒண்டும் அதுக்குள்ளை வராது."

"என்ன எழுத்திலை?"

"முன்பக்கத்திலை உங்கடை பேர் வாற அதே எழுத்திலை. நீங்கள் சொல்லுங்கோ, இப்பவே அடுக்கிறன்."

மாமி முக்காலியைத் தானே இழுத்து, எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"மூத்தவன்ரை பேரை முதல் போடு." நான் எடுக்கும் ஒவ்வொரு ஈய எழுத்தையும் எட்டிப் பார்த்தார். "எல்லாம் இடம்வலம் மாறியெல்லோ கிடக்கு, பிள்ளை?"

"அடிச்சால் நேராகும், மாமி."

"பாரிஸ்காரிக்கு மேலை இன்னும் கொஞ்சம் இடம் விடு. அவளுக்கு நெருக்கம் பிடியாது." பிறகு, "உன்ரை வாத்தியார் மார்க்கைக் குறைப்பாரோ?" என்றார்.

"குறைக்கமாட்டார். குறைச்சால் நான் கதைச்சுக்கொள்ளுறன்."

"வாய்க்காரிதான்," என்றார் மாமி. வாசலில் இன்னமும் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏனடா மரம் மாதிரி நிக்கிறாய்? போய் எங்களுக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா. எங்களுக்கு இன்னும் ஒன்பது பேர் கிடக்கு."