தூக்கிக் காட்டிய சீட்டு

தானியக் கிடங்கில் விடிந்ததும் முதல் காரியம் சீட்டு எடுப்பதுதான். தகர டப்பாவுக்குள் பத்து அட்டைத் துண்டுகள். ஒன்றில் ‘தையல்’, மற்ற ஒன்பதிலும் ‘சுமை’. ஆளுக்கு ஒன்றாக எடுத்து, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டி வாசிப்பார் மேஸ்திரி. தையல் விழுந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து மூட்டை தைக்கலாம். மற்றவர்கள் முதுகொடிய லாரி ஏற்ற வேண்டும்.

ஆட்களில் எழுத்துத் தெரியாத ஒருவருக்கு, இடுப்பு பிசகிய நாளிலிருந்து வாரத்தில் நாலைந்து நாள் தையல்தான். அதனால் ராசிக்காரர் என்றே பேராகிப்போனது. ஆட்கள் அப்படிக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆறு மாதமாக வீட்டில் மகளிடம் எழுத்துப் படிக்கிறார். கிடங்கில் யாருக்கும் தெரியாது. எழுத்துக் கூட்டி வாசிப்பது இந்த வாரம்தான் பிடிபட்டது. இன்று காலை மேஸ்திரி தூக்கிக் காட்டிய தன் சீட்டை மனசுக்குள் வாசித்தார். சுமை என்றிருந்தது. மேஸ்திரியோ கண் சிமிட்டாமல், ராசிக்காரருக்குத் தையல் என்றார். அடுத்தது, கூடவே சுமை தூக்கும் அவர் மச்சினன் சீட்டு. அதில் தையல். மச்சினனுக்குச் சுமை என்றார்.

மத்தியானம் புது மேனேஜர் ஆளுக்கொரு தாள் கொடுத்தனுப்பினார். மேஸ்திரி நேர்மையானவரா, நியாயமானவரா, பாரபட்சம் பார்க்காதவரா? பொருந்துகிற கட்டத்தில் டிக் போட வேண்டும். நல்லபடியாக வராவிட்டால் வேறு மேஸ்திரி. மற்றவர்கள் மூன்றிலும் சரசரவென்று போட்டுவிட்டார்கள். ராசிக்காரருக்குத்தான் கை எழவில்லை. போடாவிட்டால் மேஸ்திரியும் போவார், ஸ்டூலும் போகும். போட்டால், எழுத்துக் கற்று முதன்முதலில் எழுதுவதே பொய்யாகிவிடும்.

மச்சினனைத் தனியே இழுத்துப் போனார்.

“மாப்ள, காலையில உன் சீட்டுல என்ன இருந்துச்சு?”

மென்றுகொண்டிருந்த மச்சினன் வாய் நின்றது. “நீ எப்ப மாமா படிக்கக் கத்துக்கிட்ட?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“தையல்தான். எல்லாருக்கும் தெரியும். அவரு மறைக்கவா செஞ்சாரு? தூக்கித்தானே காட்டுறாரு. உன் இடுப்புக்காக நாங்க பேசி வச்சுக்கிட்டது.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா நீ ஒத்துக்குவியா?”

ராசிக்காரருக்குக் கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. ஏமாந்தது அவர் ஒருவர்தான், லாபமும் அவருக்குத்தான். சீட்டைத் தூக்கிக் காட்டுகிறவரை நேர்மையில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? வாய் சொன்னது பொய்யாச்சே. பாரபட்சம் பார்த்தார்தான். ஆனால் பாதிக்கப்பட்டவனே பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு வக்காலத்து வாங்குகிறான். கடைசியில் நியாயமானவர் என்பதில் மட்டும், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி ஒரு டிக் போட்டுக் கொடுத்தார்.

மறுநாளும் மேஸ்திரியே டப்பாவைக் குலுக்கினார். ராசிக்காரரின் சீட்டைத் தூக்கினார். அவர் வாய் திறப்பதற்குள் ராசிக்காரர் உரக்க வாசித்தார்: “சு... மை.”

மேஸ்திரி சீட்டைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். பின்னாலிருந்து மச்சினன் குரல் வந்தது.

“சரியாக் கூட்டி வாசி மாமா. தையல்.”

ஆமாம், தையல்தான் என்றார்கள் மற்றவர்களும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ராசிக்காரர் ஸ்டூலுக்கும் லாரிக்கும் நடுவில், எந்தப் பக்கம் காலெடுத்து வைப்பது என்று தெரியாமல் நின்றார்.