பூட்டிய கதவுக்கு ஒரு வரிசை

ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தத் தூண்கள் வாங்க வேண்டும், எது நல்லது என்று மாலைக்குள் எழுதிக் கொடு என்று சூப்பரின்டென்ட் என் தலையில் கட்டிவிட்டார். ஸ்டோரில் இருபத்தாறு வருடமாகப் பஞ்சையும் பினாயிலையும் எண்ணிக்கொண்டிருப்பவனுக்குக் கூட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?

மூன்று மாதிரிகள் வந்திருந்தன. சங்கிலித் தூண் தொட்டாலே கலகலவென்றது. கயிற்றுத் தூண் பெரிய ஹோட்டல் வாசலுக்குத்தான் லாயக்கு. மூன்றாவது, தூணின் தலையிலிருந்து துணிப் பட்டையை இழுத்து அடுத்த தூணில் மாட்டுகிற வகை. வேறு இடமில்லாததால் என் ஸ்டோர் கதவுக்கு முன்னாலேயே வளைத்து வளைத்து நிறுத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் பட்டைக்குள் ஒன்பது பேர், ஒருவரை ஒருவர் இடிக்காமல், என் பூட்டிய கதவைப் பார்த்தபடி நிற்கிறார்கள்.

"எதுக்கும்மா இங்க நிக்கறீங்க?" என்று முதலில் நின்ற பெண்ணைக் கேட்டேன்.

"எலும்பு டாக்டரைப் பாக்கணும் சார். பட்டை கட்டியிருந்துச்சு, அதான் நின்னோம். முக்கா மணி நேரமாச்சு." பக்கத்தில் வலது கையில் மாவுக்கட்டோடு அவள் கணவன். "இன்னிக்குக் கட்டைப் பிரிச்சு, வேலைக்குப் போலாம்னு சீட்டு வாங்கணும். நாளைக்குக் காட்டலைன்னா குடோன்ல வேற ஆளைப் போட்டுடுவாங்க."

எலும்பு டாக்டர் அறை நாலு கதவு தள்ளித்தான் இருக்கிறது. ஓடினேன். நர்ஸ் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர்கூட வரலைன்னு டாக்டர் இப்பத்தான் கிளம்பினார் சார். இனிமே அடுத்த செவ்வாய்தான்."

டாக்டரைப் பிடிக்கக் கார் நிறுத்துமிடம்வரை ஓடியதில் முழங்கால் வலிதான் மிச்சம்.

மூச்சிரைக்கத் திரும்பினால், சூப்பரின்டென்ட் அந்த வரிசையை ரசித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"முக்கா மணி நேரம் ஒரு சத்தம் இல்லையா? அப்புறம் என்னய்யா யோசனை? இதையே எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன். தப்பு என்னுடையது, குடோனுக்கு நானே வந்து பேசுகிறேன் என்றேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னா கேப்பாங்களா சார்? அவங்களுக்குச் சீட்டுதான் வேணும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் இன்னும் சீக்கிரமா வந்து நின்னுடறோம்."

அவமானம் தாங்கவில்லை. இனி யாரும் நிற்க வேண்டாமென்று முதல் பட்டையைக் கழற்றிவிட்டேன். அது சர்ரென்று தூணுக்குள் சுருண்டது. மற்றவர்கள் முனகிக்கொண்டே கலைந்தார்கள்.

கடைசியாகக் கிளம்பிய அவள் கணவன் தூண் பக்கம் நின்றான். இடது கையால் பட்டையை இழுத்து, இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை மாட்டினான்.

"கழண்டிருந்துச்சு சார். மாட்டிட்டேன்" என்றான்.